மைனஸ் பதினெட்டு

அந்த ஆள் சாகக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எண்பது வயது. இரண்டு நுரையீரலிலும் சளி கட்டி, உதடு நீலம் பாரித்து, அரை மயக்கத்தில் தள்ளுவண்டியில் வந்து சேர்ந்தவர் பொதுச் சுகாதாரத் துறையின் முன்னாள் இயக்குநர். வார்டிலிருந்த இளம் டாக்டர்கள், "வயசாயிடுச்சு மேடம், தாங்குவாரான்னு தெரியல" என்று இழுத்தார்கள். தொற்றுநோய்ப் பிரிவின் தலைமை டாக்டரான அவள் அவர்களை ஒரு முறை முறைத்தாள்.

"தாங்கணும். இவர் செத்தா உங்க ஒருத்தரையும் நான் சும்மா விடமாட்டேன்."

ஒன்பது நாள் அவள் அந்தப் படுக்கையையே சுற்றிச் சுற்றி வந்தாள். மருந்தை இரண்டு தடவை மாற்றினாள். சளியைக் குப்பியில் எடுத்துத் தானே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள். பத்தாம் நாள் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, தலையணை சரியில்லை என்று நர்ஸை வாங்கு வாங்கென்று வாங்கினார். திட்டு வாங்கிய நர்ஸ் இவளிடம் வந்து, "பெத்த அப்பனைக்கூட இப்படி யாரும் பார்த்துக்க மாட்டாங்க மேடம்" என்று உருகினாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாசமாவது, மண்ணாங்கட்டியாவது! இருபத்திரண்டு வருஷமாக அந்த மனிதருக்காக அவள் ஒருத்தி தூக்குக் கயிறு திரித்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒரு நிமோனியா வந்து அவரை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போவதா? போக விடுவாளா?

துறையில் அவளுக்குக் குலுக்கு டாக்டர் என்று பெயர். எந்த ஊசி மையத்துக்குப் போனாலும் முதலில் மருந்துக் குப்பியை எடுத்துக் குலுக்கி, மேசையில் வைத்து, அதையே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் ஜீப் வருவது தெரிந்தாலே, "குலுக்கு வருது, குலுக்கு வருது" என்று மையத்துக்காரர்கள் குளிர்பெட்டியைத் துடைக்க ஓடுவார்கள். இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தொற்றுநோய் வார்டில் புதுசாகச் சேர்ந்த சின்ன டாக்டர். மில்லுக்குப் பின்புறத் தெருக்களிலிருந்து குழந்தைகள் வர ஆரம்பித்தன. காய்ச்சல், வீங்கிப்போன கழுத்து, வாயைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு தோல். தொண்டை அடைப்பான். தடுப்பூசி வந்த பிறகு மலையேறிவிட்டதாக நினைத்திருந்த நோய். ஆறு வாரத்தில் பதினேழு குழந்தைகளைக் கொண்டுபோனது. பதினோராவது குழந்தை அவளுடைய அக்கா மகள்.

வீட்டில் அந்தக் குழந்தைக்குக் குட்டி என்று பெயர். நாலு வயது வாயாடி. சித்தியின் ஸ்டெதாஸ்கோப்பைச் சுவருக்கும் நாற்காலிக்கும் வைத்துப் பார்த்து, "சுவருக்கு ஜுரம், பள்ளிக்கூடம் போகக் கூடாது" என்று தீர்ப்புச் சொல்வாள். வார்டில் அவள் முழுதாகச் சொன்ன கடைசி வாக்கியம், "சித்தி, மூச்சு எங்கயோ மாட்டிக்கிச்சு" என்பதுதான். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்கத் தூக்கிக்கொண்டு போகும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

செத்த குழந்தைகளின் அம்மாக்கள் அத்தனை பேரிடமும் ஊசி அட்டை இருந்தது. அக்காவின் அட்டையில், தொண்டை அடைப்பானையும் தடுக்கிற முத்தடுப்பு ஊசி மூன்றுக்கும் முத்திரை இருந்தது. "நான் பயிற்சியில இருக்கற ஆபீஸ்க்கா, அங்கயே சென்டர் இருக்கு. நேரா போ, என் பேரைச் சொல்லு, வரிசையில நிக்க வேண்டாம்" என்று, குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது அக்காவை அனுப்பி வைத்ததே அவள்தான்.

விசாரணைக்கு இயக்குநரே வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அம்மாக்களை பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து ஒவ்வொருத்தியாகக் கேட்டார். அக்கா அட்டையை நீட்டினாள். அதை விரல் நுனியால் ஒரு புரட்டுப் புரட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"போட்டிருந்தா எப்படிம்மா செத்திருக்கும்?"

மூன்றாவது வாரம் அறிக்கை வெளிவந்தது. இறந்த பதினேழு குழந்தைகளுக்கும் தடுப்பூசி முறையாகப் போடப்படவில்லை என்றும், அட்டையிலுள்ள முத்திரைகள் நம்பத்தக்கவை அல்ல என்றும், தாய்மார்களின் அலட்சியமே காரணம் என்றும் எழுதியிருந்தார். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அக்காவின் மாமியார் அந்தத் துண்டை அழகாகக் கத்தரித்து வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். அக்கா புருஷன் ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு நாள் போனவன் போனவன்தான். அக்கா தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தாள்.

அன்றைக்கு மிஷினை மாடியேற்றிவிட்டு மூச்சு வாங்க நின்றபோது தங்கை சொன்னாள்: "அக்கா, அந்த ஆள் எழுதினதை அந்த ஆள் வாயாலயே அழிக்க வைக்கறேன். அதுக்கு முன்னாடி அவரைச் சாகக்கூட விடமாட்டேன்."

"பேசாம போய்க் குளிடி" என்றாள் அக்கா.

மற்ற டாக்டர்கள் அறிவுக்காக ஆராய்ச்சி செய்தார்கள், பதவிக்காகச் செய்தார்கள். அவள் வஞ்சத்துக்காகச் செய்தாள். அதை மூடி மறைத்துப் பேசுகிற வழக்கமும் அவளிடம் கிடையாது.

மருந்துக் கிடங்குப் பயிற்சி ஒன்றில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. முத்தடுப்பு ஊசி மருந்து குளிரில் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. உறைந்தால் செத்தது. இளகிய பிறகு பார்த்தால் நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும். குலுக்கி வைத்தால்தான் குட்டு உடையும். நல்ல மருந்து கலங்கலாகவே நிற்கும். உறைந்து இளகியது திப்பி திப்பியாகப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். பயிற்சி கொடுத்தவர் இரண்டு குப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அடியில் திப்பி இறங்குவதைப் பார்த்தபடி இருந்தவள் சட்டென்று எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தாள்.

நோய் பரவிய சமயம் அந்தத் தெருக்களில் பிழைத்திருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் ரத்தத்தை அவள் சேகரித்து உறைபெட்டியில் வைத்திருந்தாள். மூன்று முறை இடமாற்றம் வந்தது. மூன்று முறையும் தட்டுமுட்டுச் சாமான் வந்ததோ இல்லையோ, உறைபெட்டி முதல் லாரியில் வந்தது. "தொட்டால் கை இருக்காது" என்று அதன் மேல் எழுதி ஒட்டியிருந்தாள். "எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே இவளுக்கு அந்தப் பெட்டியோட நிச்சயம் ஆயிடுச்சு" என்று அவள் கணவர் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ரத்தம் பேசியது. மையத்துக்கு வந்த குழந்தைக்கு ஒரே நாளில் வாயில் போலியோ சொட்டும் தொடையில் முத்தடுப்பு ஊசியும் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் அந்தத் தெருக்களுக்கு வீடு தேடிச் சொட்டு மருந்து வந்ததில்லை. சொட்டு வேண்டுமானால் மையத்துக்குத்தான் வர வேண்டும். சொட்டு மருந்துக்கு உறைபனி ஒரு பொருட்டே இல்லை, அதன் இடமே உறைபெட்டிதான். அந்தத் தெருக்களில் குறிப்பிட்ட ஐந்து மாதத்தில் ஊசி போட்ட குழந்தைகளின் ரத்தத்தில் போலியோவுக்கு எதிர்ப்புச் சக்தி நிறைய இருந்தது. தொண்டை அடைப்பானுக்குச் சொட்டுக்கூட இல்லை. அப்படியானால் அம்மாக்கள் வந்திருக்கிறார்கள். வரிசையில் நின்றிருக்கிறார்கள். அழுத குழந்தையின் தொடையை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்ததுதான் செத்த ஊசி.

இதை எழுதி எடுத்துக்கொண்டு போனபோது ஆய்வுக் குழுவினர், "கிடங்கோட வெப்பநிலைப் பதிவேடு எங்க?" என்றார்கள். பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது என்றது ஆபீஸ். கிடங்குக்காரர் எப்போதோ செத்துப் போயிருந்தார். குழுவில் உட்கார்ந்திருந்த பழைய இயக்குநர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "நல்ல பொண்ணு. சொந்தத் துக்கம் கண்ணை மறைக்குது" என்றார். அவர் எழுதிய பாடப்புத்தகத்தில் அந்த அறிக்கைதான் ஏழாம் பாடம். தாய்மார்களின் அலட்சியத்தை விளக்குக என்று வருஷா வருஷம் அவளுடைய மாணவர்களே பரீட்சை எழுதினார்கள். அந்தத் தாள்களைத் திருத்துவதும் அவள்தான்.

இப்போது அந்த மனிதர்தான் அவள் தயவில் பிழைத்து வீடு திரும்பியிருந்தார். ஒரு மாதம் கழித்து, நன்றி சொல்ல வேண்டும் என்று வீட்டுக்குக் கூப்பிட்டார். மத்தியான வேளை. கூடத்தில் சுவரெல்லாம் பாராட்டுப் பத்திரங்கள்.

"உயிரைக் காப்பாத்தியிருக்கம்மா. பதிலுக்கு நான் ஏதாவது செய்யணுமே?"

"செய்யலாம் சார். அந்த அறிக்கை தப்புன்னு எழுதிக் குடுங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "நீ இன்னும் அதை விடலியா?" என்றவர் மெல்ல எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். "கரையான் அரிச்ச ரெஜிஸ்டர் இதுதான். நல்லாப் பாரு."

பக்கத்தின் தலையில் கிடங்குக்காரரின் குண்டு குண்டுக் கையெழுத்து: "குளிர்பெட்டி பழுது. எல்லா மருந்தும் சொட்டு மருந்துக்கான உறைபெட்டியில் பத்திரமாக வைக்கப்பட்டது." பத்திரமாக! குளிர் கூடக் கூட நல்லது என்று நினைத்துவிட்டார், பாவி மனிதர். அதற்குக் கீழே காலையும் மாலையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார். மைனஸ் பதினெட்டு. மைனஸ் பதினெட்டு. மைனஸ் பதினேழு. மைனஸ் பதினெட்டு. ஒரு பொய் இல்லை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. டாக்டருக்குப் படித்த எவரும் அந்த எண்ணைப் பார்த்ததும் அலறியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு வாரத்தின் கீழேயும், "சரிபார்த்தேன்" என்று ஒரு கையெழுத்து இருந்தது. அதன் கடைசி எழுத்தின் வால் நீண்டு கோட்டைத் தாண்டிப் போனது. இன்றைக்கும் அவள் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறாள்.

இருபத்தோரு சனிக்கிழமை. ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. பயிற்சி டாக்டராக அந்த ஆபீசில் இருந்த மாதங்கள். மத்தியானம் குமாஸ்தா பதினைந்து நோட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவார். "இங்க மேடம், இங்க மேடம், இங்க மேடம்." அவள் தோழியோடு பேசிக்கொண்டே போட்டுக்கொண்டே போவாள். ஒரு கண் நோட்டில், ஒரு கண் கடிகாரத்தில். இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று எந்தப் பயிற்சி டாக்டர் பார்த்தாள்?

"உனக்காகத்தான் இதைப் பத்திரமா வச்சிருக்கேன்" என்றார் பெரியவர். "நீ வாயைத் திறந்தா நானும் திறக்க வேண்டியிருக்கும். இந்தா, ஒரு பக்கம் காப்பி எடுத்து வச்சேன். ஞாபகத்துக்கு வச்சுக்கோ."

மூன்று நாள் அவள் கோழையாக இருந்தாள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் காகிதத்தைக் கிழிக்கக் கூட ஒரு தடவை எடுத்தாள். இத்தனை வருஷம் வாளைத் தீட்டியவளுக்கு, வாளின் மறுமுனை தன் கழுத்தில் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. நாலாம் நாள் காலை மாடியேறிப் போய்த் தையல் மிஷின் மேல் அதை வைத்தாள்.

"இது என்னடி?"

"குட்டிக்குப் போட்ட ஊசி இருந்த பெட்டியோட ரெஜிஸ்டர். மருந்து உறைஞ்சு செத்துப் போச்சு. பார்த்துச் சொல்ல வேண்டியவ பார்க்காம கையெழுத்துப் போட்டிருக்கா. அது நான்தான்க்கா."

அக்கா தைத்துக்கொண்டிருந்த கைப்பகுதியைக் கடைசிவரை தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். காகிதத்தைக் கிட்டத்தில் வைத்துப் படித்தாள்.

"அப்ப நான் கூட்டிட்டுப் போனேன்ல?"

"போனேக்கா. மூணு தடவையும் போனே."

"ஊசிதான் செத்த ஊசி."

"ஆமா."

"அது அந்த ஆளுக்கும் தெரியும்."

"அறிக்கை எழுதறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். ஆனா அதை எப்படி நிரூபிக்கறதுன்னு தெரியல."

அக்கா எழுந்து வந்து, ஐம்பத்தொரு வயதுத் தலைமை டாக்டரின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். கண்ணாடி தெறித்துத் துணிக் குவியலில் விழுந்தது.

"இது உனக்கு" என்றாள். "அவனுக்கு என்ன வச்சிருக்க?"

துறையின் ஆண்டு விழா அடுத்த மாதம். பெரியவர்தான் சிறப்பு விருந்தினர். அவருடைய புத்தகத்தின் புதுப் பதிப்பை அன்றைக்கு வெளியிட ஏற்பாடு. ஆராய்ச்சிப் பிரிவின் சார்பில் பேச அவளுக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். அரங்கில் நானூறு டாக்டர்கள், முன்வரிசையில் பத்திரிகைக்காரர்கள். கடைசி வரிசையில் அக்கா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சொன்னாள். தன் கையெழுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. "பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டதாம். எப்படி இருந்தாலும் மருந்தை உறைய விட்டதற்கு முழுப் பொறுப்பும் அன்றைய இயக்குநர் ஒருவருடையதுதான்" என்று முடித்து, நேரே அவரைப் பார்த்தாள். தலையணைக்கே பொறுக்காத மனிதர். தன் கையில் இருக்கிற ஆயுதத்துக்குப் பயந்து வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்பாள் என்று நம்பியிருந்தவர். இவள் எகிறுவதைப் பார்த்ததும் அவருக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. பக்கத்திலிருந்தவரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"என் மேலயா போடற? மருந்தை உறைய விட்டது யாருன்னு இவளைக் கேளுங்க! மைனஸ் பதினெட்டுன்னு பச்சையா எழுதியிருக்கு, அதுக்குக் கீழ அஞ்சு மாசம் கையெழுத்துப் போட்டவ இவதான்! ரெஜிஸ்டர் என் வீட்டுல இருக்கு!"

பத்திரிகைக்காரர்கள் பேனாவை எடுத்தார்கள்.

"ஆமா சார், என் கையெழுத்துதான்" என்றாள் அவள். அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டாள். வால் நீண்ட கையெழுத்து ஆள் உயரத்துக்கு நின்றது. "அப்ப ஊசி செத்துப் போனது உங்களுக்குத் தெரியும். நோட்டை எப்ப சார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க? அறிக்கை எழுதறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடிதான்! பின்ன? துறை மானத்தைக் காப்பாத்த வேண்டாமா? ஊசியே செத்ததுன்னு சொன்னா அப்புறம் எவ பிள்ளையைத் தூக்கிட்டு வருவா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. மைக்கைக் கீழே வைத்தார். வைத்த இடத்தில் அது உருண்டது. பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். புத்தக வெளியீடு நடக்கவில்லை. காரில் ஏறும்போது அவர் கையைப் பிடித்துவிட ஒருத்தரும் முன்வரவில்லை. நல்லா வேணும் என்று அவள் வாய்விட்டே சொன்னாள், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

அவளைப் பணியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள், விசாரணை வைத்தார்கள். அவள் எதையும் மறுக்கவில்லை. புத்தகத்திலிருந்து ஏழாம் பாடத்தை நீக்கினார்கள். பதினேழு குழந்தைகளின் தாய்மார்களும் ஊசி போடத் தவறவில்லை என்று துறை அச்சில் வெளியிட்டது. அக்கா அந்தத் துண்டை அழகாகக் கத்தரித்து, மாமியார் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்பினாள்.

"அந்தம்மா செத்து ஆறு வருஷம் ஆகுதேக்கா."

"இருக்கட்டும். வீட்டுச் சுவர் இருக்குல்ல, அதுல ஒட்டட்டும்."

அன்றைக்குத் தங்கைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கோ. எழுந்திரு, இன்னும் பதினாறு வீடு இருக்கு."

"பேப்பர்ல வந்திருக்கேக்கா, எல்லாரும் படிச்சிருப்பாங்க."

"பேப்பர்ல வந்ததை நம்பித்தானே இருபத்திரண்டு வருஷம் எங்க மூஞ்சியில துப்பினாங்க? நீ வாயால சொல்லு."

மில்லுக்குப் பின்புறம் மூன்றாவது தெரு. பச்சைச் சாயம் உரிந்த கதவு. அவளுடைய வார்டில் முதலில் செத்த பையனின் வீடு. அக்காதான் கதவைத் தட்டினாள். நரைத்த தலையோடு ஒரு பெண் வந்து திறந்தாள். அன்றைய விசாரணை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகம் என்பதால் அக்காவை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அம்மா" என்றாள் டாக்டர். "உங்க பையனுக்கு நீங்க மூணு ஊசியும் போட்டீங்க. ஒண்ணுகூட விடல. அதைக் கெடுத்தவங்கள்ல..."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினாள். "இவ யாரு?"

"என் தங்கச்சிதான்" என்றாள் அக்கா. "முழுசாக் கேட்டுடுங்க. அப்புறம் அறையறதுன்னா அறைங்க, நான் தடுக்க மாட்டேன்."